ஒரு பிட்டுக்கு ஒரு துளை: வீட்டுப் பட்டறையில் டிரில் பிட் அடுக்கி வைக்கும் முறை

பழைய பிஸ்கட் டப்பாவில் எல்லா டிரில் பிட்டையும் போட்டு, அதன் மேலேயே ஸ்க்ரூ, ஆணி, ராவல் பிளக் எல்லாவற்றையும் கொட்டி மூடி வைப்பது பல வீடுகளில் வழக்கம். டப்பாவை எடுக்கும்போது ஒரு குலுக்கல், தேடும்போது விரலால் ஒரு கிளறல். ஒவ்வொரு முறையும் கூரான விளிம்புகள் ஒன்றோடொன்று இடிபடும். எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) எஃகு கடினமானது, ஆனால் அடி தாங்காது. விளிம்பு பொடிப்பொடியாக உதிரும். கான்கிரீட் பிட் நுனியில் பற்றவைத்த கார்பைடு துண்டு இன்னும் கடினம், அதனால் இன்னும் சீக்கிரம் மூலை போகும். 1, 1.5 மி.மீ. பிட்டெல்லாம் எடை தாங்காமல் இரண்டாக ஒடிந்து கிடக்கும். இவற்றைத் தடுக்கத் தேவைப்படுவது ஒரு மரக்கட்டை, கொஞ்சம் பி.வி.சி. பைப், அரை நாள் வேலை.

முதலில் டப்பாவைச் செய்தித்தாளில் கொட்டி இனம் பிரியுங்கள். நுனி நடுவில் ஊசி மாதிரி முள் நீட்டிக்கொண்டிருந்தால் மரத்துக்கானது. நுனியில் வேறு நிறத்தில் தனித் துண்டு பதித்து, அது தண்டைவிடக் கொஞ்சம் அகலமாக இருந்தால் கான்கிரீட் பிட். அதிலேயே பின்பக்கத் தண்டில் பள்ளம் வெட்டியிருந்தால் அது அடித்துக்கொண்டே துளைக்கும் ரோட்டரி ஹேமருக்கான எஸ்.டி.எஸ். பிட்; சாதாரண டிரில்லில் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் மூன்று பல் சக்கில் மாட்டக் கூடாது. ஈட்டி முனை போலத் தட்டையாக இருப்பது டைல்ஸ், கண்ணாடிக்கு. நுனி முதல் தண்டு வரை ஒரே எஃகாக, முறுக்காக இருப்பவைதான் இரும்புக்கான எச்.எஸ்.எஸ். பிட்டுகள். அவைதான் எண்ணிக்கையில் அதிகம் இருக்கும், அளவு குழம்புவதும் அவற்றில்தான்.

அளவைத் தண்டில் பொறித்திருப்பார்கள். சக்கைச் சரியாக இறுக்காமல் ஓட்டினால் பிட் உள்ளே வழுக்கி அந்த எழுத்து தேய்ந்துவிடும், தண்டில் பிசிறும் கிளம்பும். பிசிறை எமரித் தாளால் தேய்த்து எடுங்கள். இல்லாவிட்டால் சக்கில் ஆடும், கட்டைத் துளையிலும் இறங்காது. எழுத்து போனதை வெர்னியர் காலிப்பரால் அளக்க வேண்டும். தண்டில் வைத்து அளக்காதீர்கள். நுனிக்குச் சற்றுக் கீழே, முறுக்கின் இரண்டு வெளி விளிம்புக்கும் குறுக்கே வைத்து அளந்தால்தான் உண்மையான அளவு கிடைக்கும்.

இங்கே நம் பக்கத்துக் குழப்பம் ஒன்று உண்டு. அப்பா காலத்துப் பெட்டியில் இருப்பவை நூல் கணக்குப் பிட்டுகள். ஒரு அங்குலத்துக்கு 8 நூல். அதனால் 1 நூல் என்பது 3.2 மி.மீ., ஒன்றரை நூல் 4.8, 2 நூல் 6.35, 3 நூல் 9.5, 4 நூல் 12.7. இந்த 2 நூல் பிட்டை 6 மி.மீ. என்று நினைத்துச் சுவரில் போட்டால் 6 மி.மீ. பிளக் லொடலொடவென்று ஆடும், ஸ்க்ரூ பிடிக்காது. நூல் பிட்டுகளுக்குத் தனிக் கட்டை போடுங்கள். மில்லிமீட்டர் வரிசைக்குள் அவற்றைச் செருகவே வேண்டாம்.

அடுக்குவதற்கு முன் மழுங்கியதையும் பிரித்துவிடுங்கள். பிட்டின் நுனியை ஜன்னல் பக்கம் காட்டி மெல்லத் திருப்புங்கள். கூர் இருக்கும் விளிம்பு வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. மழுங்கியிருந்தால் அந்த இடம் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடாக மின்னும். கோடு தெரிகிறதெல்லாம் சாணை பிடிக்க வேண்டியவை. தனி டப்பாவில் போகட்டும். நல்லதோடு கலந்து வைத்தால் அடுத்த முறை மழுங்கியதுதான் கைக்கு வரும்.

கட்டைக்கு மரம் எது? கிருஷ்ணகிரிப் பக்கம் மாமரத் துண்டு சுலபமாகக் கிடைக்கும். அறுத்த புதிதில் அதில் நீர் நிறைய இருக்கும். அப்படியே துளைத்துப் பிட்டைச் செருகினால் சில வாரத்திலேயே தண்டில் துரு ஏறும். சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை எடை போடுங்கள். இரண்டு மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால் காய்ந்தது என்று அர்த்தம். வேலமரம் வேண்டாம், அதன் துவர்ப்பு ஈரத்தோடு சேர்ந்து இரும்பைக் கறுக்க வைக்கும். இடித்த வீட்டின் பழைய வேப்பமர நிலை, சட்டம் கிடைத்தால் மிக நல்லது: பல வருடம் காய்ந்தது, பூச்சியும் எளிதில் வராது. உள்ளே பழைய ஆணி ஒளிந்திருக்கும், துளைக்கும் முன் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் 18 மி.மீ. பிளைவுட் துண்டு மூன்றை ஒட்டினால் 54 மி.மீ. கனம் வந்துவிடும்.

1 முதல் 13 மி.மீ. வரை அரை அரையாக ஏறினால் மொத்தம் 25 பிட். இதற்கு 220 மி.மீ. நீளம், 100 அகலம், 50 கனம் போதும். முன் விளிம்பிலிருந்து 20, 50, 80 மி.மீ. தூரத்தில் நீளவாக்கில் மூன்று கோடு போடுங்கள். முன் வரிசையில் 1 முதல் 5 வரை 9 துளை, 20 மி.மீ. இடைவெளி. நடு வரிசையில் 5.5 முதல் 9 வரை 8 துளை, பின் வரிசையில் 9.5 முதல் 13 வரை 8 துளை; இரண்டுக்கும் 25 மி.மீ. இடைவெளி. குட்டையானது முன்னால், நெட்டையானது பின்னால் என்றால்தான் எல்லா நுனியும் ஒரே பார்வையில் தெரியும். ஆழம் முன் வரிசைக்கு 15 முதல் 20, நடுவுக்கு 30, பின்னுக்கு 40. பிட்டில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி ஆழத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான இடம் துளையின் அகலம். 6 மி.மீ. பிட்டுக்கு 6-ஆலேயே துளைத்தால் கோடையில் கச்சிதமாக இருக்கும். ஐப்பசி மழையில் மரம் ஊதிப் பிட்டைக் கவ்விக்கொள்ளும். குறடு போட்டு ஆட்டி இழுக்கும்போது சின்ன பிட் ஒடியும். அதனால் ஒவ்வொரு துளையையும் அதற்கு அடுத்த பிட்டால் போடுங்கள்: 1-க்கு 1.5, 3-க்கு 3.5, 6-க்கு 6.5. கடைசி 13-க்கு மட்டும் அடுத்தது இல்லை. 13-ஆலேயே துளைத்து, குச்சியில் சுற்றிய 80 நம்பர் உப்புத்தாளால் உள்ளே நாலு சுற்றுத் தேய்த்து விடுங்கள். ஆழமான துளையில் 10 மி.மீ.க்கு ஒரு முறை பிட்டை வெளியே இழுத்துத் தூளைக் கொட்டுங்கள், இல்லையென்றால் மரம் கருகிப் புகையும். நடு, பின் வரிசைத் துளைகளின் அடியில் 4 மி.மீ. பிட்டால் மறுபக்கம் வரை ஓட்டை போட்டுவிட்டால் உள்ளே விழும் தூசி தங்காது. தங்கிய தூசி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

தண்டு கீழே, நுனி மேலே என்றுதான் வைக்க வேண்டும். கீழே இருந்தால் நுனி தெரியாது, போடும்போது அடியில் இடிக்கும். ஆனால் மேலே நீட்டிய நுனி கையைக் குத்தும். பிள்ளைகள் நடமாடும் வீட்டில் கட்டையை எட்டாத உயரப் பலகையில் வைத்து, அதன் மேல் அகலமான பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கவிழ்த்து விடுங்கள்.

அளவு எண்ணை மார்க்கரில் எழுதினால் எண்ணெய்க் கை பட்டே அழியும். நம்பர் பஞ்ச் இருந்தால் மரத்தில் அடித்துவிடலாம். இல்லாவிட்டால் பென்சிலில் எழுதி மேலே ஒரு கோட் வார்னிஷ். இரும்புக்கு நீலம், கான்கிரீட்டுக்குச் சிவப்பு, மரத்துக்குப் பச்சை என்று கட்டையின் விளிம்பில் பெயின்ட் அடிப்பது உதவும். பிட்டின் தண்டில் மட்டும் அடிக்காதீர்கள். சக் பிடிக்கும் இடத்தில் பெயின்ட் இருந்தால் பிட் நடு விலகி ஆடும்.

எஸ்.டி.எஸ். பிட்டுகள் நீளம், கட்டையில் நிற்காது. முக்கால் இன்ச் பி.வி.சி. பைப்பை 120 மி.மீ. துண்டுகளாக வெட்டி, அடியில் மூடி ஒட்டி, ஒரு பலகையில் வரிசையாகக் கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். இங்கே கிருஷ்ணகிரிப் பக்கம் சுவரும் கல், வேலிக் கம்பமும் கல் என்பதால் இந்தப் பிட்டுகள் கிரானைட்டில்தான் அதிகம் ஓடும். வேலை முடிந்ததும் தண்டின் பள்ளத்தில் உள்ள பழைய கிரீஸைத் துணியால் முழுக்க வழித்து எடுத்த பிறகே பைப்பில் போட வேண்டும். கிரீஸில் கலந்த கல் தூள் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். அடுத்த முறை அப்படியே மாட்டினால் ஹேமரின் வாயை உள்ளிருந்து தேய்க்கும். மாட்டும்போது புது கிரீஸ் ஒரு பொட்டு போதும். நுனியையும் அளந்து பாருங்கள். 8 மி.மீ. என்று போட்ட புதிய பிட்டின் கார்பைடு நுனி 8-ஐவிடச் சற்று அகலமாகவே வரும். அது 8-க்குக் கீழே இறங்கிவிட்டால் 8 மி.மீ. பிளக் துளையில் போகாது. சுத்தியால் அடித்தால் பிளக் நசுங்கும். அந்தப் பிட்டை 8-க்கான பைப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

இனி துரு. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் காலையில் தகரக் கொட்டாய்க்குள் போய்ப் பாருங்கள், கூரையின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். அதே ஈரம் இரவில் குளிர்ந்த பிட்டின் மீதும் படியும், கண்ணுக்குத் தெரியாது. பலகையைக் கல் சுவரோடு ஒட்டி அடிக்காமல், பின்னால் 10 மி.மீ. ரீப்பர் வைத்துக் காற்று போக விடுங்கள். பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். கழிவறை கழுவும் ஆசிட் பாட்டில் அதே அறையில் இருந்தால், மூடி இறுகியிருந்தாலும் கசியும் ஆவியே இரும்பையெல்லாம் செம்மண் நிறமாக்கிவிடும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மேலே பலகை அடிப்பதும் தவறு. உப்புப் போட்டு அடைத்த புளி இருக்கும் அறையும் ஆகாது. அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும், அந்தக் கை பட்ட பிட்டும் துருப்பிடிக்கும்.

எண்ணெய்க்குத் தையல் மெஷின் எண்ணெய் போதும். துணியில் இரண்டு சொட்டு விட்டு, அந்தத் துணியால் பிட்டைத் துடைத்தால் சரி, சொட்டச் சொட்டத் தடவ வேண்டாம். கடலை எண்ணெய் நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடிக்கும். டபிள்யூ.டி. 40 அடித்தால் ஈரம் விலகும், ஆனால் படலம் மெல்லியது. மழைக்காலம் முழுக்கத் தாங்காது. மரத்துக்கான பிட்டை மட்டும் உபயோகிக்கும் முன் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் துளையைச் சுற்றி எண்ணெய்க் கறை ஏறும். சிலிக்கா ஜெல் பொட்டலம் மூடிய டப்பாவில்தான் உதவும். திறந்த பலகையில் வைத்துப் பயனில்லை.

தினசரிப் பழக்கத்தில் இரண்டைச் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் பிட் சூடாக இருக்கும்போதே பிளாஸ்டிக் பெட்டியில் செருகாதீர்கள், பிடிப்பு உருகி இளகிவிடும். காந்தப் பட்டையில் ஒட்டி வைக்கும் பழக்கமும் வேண்டாம்: பிட்டே காந்தமாகி, இரும்பு துளைக்கும்போது தூள் முறுக்கில் ஒட்டிக்கொண்டு வெளியே வராது.

மரை போடும் வேலை இருப்பவர்கள், ஓசூர் சிப்காட் பக்கம் அப்படி நிறையப் பேர் உண்டு, மரை வெட்டும் டேப்பையும் அதற்கான பிட்டையும் ஜோடியாக ஒரு சின்னக் கட்டையில் நிறுத்துங்கள்: எம்3-க்கு (3 மி.மீ. மரை) 2.5, எம்4-க்கு 3.3, எம்5-க்கு 4.2, எம்6-க்கு 5, எம்8-க்கு 6.8, எம்10-க்கு 8.5. இந்த 3.3-உம் 4.2-உம் 6.8-உம் அரை மில்லிமீட்டர் வரிசையில் வராதவை. கலந்து போனால் 3.5 பிட் கைக்கு வந்து, எம்4 மரை மேலோட்டமாக விழுந்து, இறுக்கும்போது உரிந்துவிடும். அதிகம் ஒடிவது 2.5, 3, 4 மி.மீ. இவற்றில் உபரியாக நாலைந்து வாங்கி, துளி எண்ணெயோடு மாத்திரை டப்பாவில் போட்டு, கட்டைக்குப் பின்னால் வையுங்கள். கட்டையில் துளை காலியாகத் தெரிந்தால் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து நிறுத்திவிட்டு, அடுத்து ஹார்டுவேர் கடைக்குப் போகும் சீட்டில் அந்த அளவை எழுதுங்கள்.