கைவிட்டவர்களின் பெயர்களை வாசிக்கும் முறை

பவுல் தம் உடன்வேலையாள் தீமோத்தேயுவுக்கு எழுதிய கடைசிக் கடிதமான இரண்டாம் தீமோத்தேயு நான்கே அதிகாரங்கள்தான். முதலில் அதை ஒரே அமர்வில் வாசித்துவிடுங்கள். பவுல் ரோமாபுரியில் விலங்கோடு இருக்கிறார். தம் முடிவு நெருங்கிவிட்டது அவருக்குத் தெரியும். அந்த நெருக்கடி மனதில் பதியாமல் பேசத் தொடங்கினால், வேதபாட வகுப்பு நியாயஸ்தலமாகிவிடும்.

மறுபடி வாசிக்கும்போது ஆட்பெயர்களை நோட்டில் எழுதுங்கள். எதிரே ‘துரோகி’, ‘உத்தமன்’ என்று எழுதாமல், அவர் செய்ததாகக் கடிதம் சொல்வதை மட்டும் எழுதுங்கள். கிரெஸ்கே கலாத்தியாவுக்கும் தீத்து தல்மாத்தியாவுக்கும் போனதில் பவுல் குறை சொல்லவே இல்லை. தீகிக்குவை எபேசுவுக்கு அனுப்பியவரே அவர்தான். பவுலைவிட்டுப் போன தேமாவுக்குப் பக்கத்தில் பெயர் வந்த ஒரே காரணத்துக்காக இவர்களையும் ஓடிப்போனவர்களாகப் பிரசங்கிப்பதைக் கேட்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

பிறகு ஒத்தவாக்கியக் குறிப்புகளை (அதே பெயர் வேதத்தில் வேறு எங்கே வருகிறது என்று காட்டுபவை) கொண்டு ஒவ்வொரு பெயரையும் கடைசிவரை தொடருங்கள். மாற்குவுக்கு ஒரு முழு வகுப்பை ஒதுக்கலாம். அவர் பவுலும் பர்னபாவும் போன முதல் ஊழியப் பயணத்தில் பெர்கே பட்டணத்திலேயே பிரிந்து எருசலேமுக்குத் திரும்பியவர். அவரை மறுபடி சேர்த்துக்கொள்வதா என்ற சண்டையில்தான் பவுலும் பர்னபாவும் பிரிந்தார்கள். பர்னபா அவரைச் சீப்புரு தீவுக்கு அழைத்துப் போனார். அதே பவுல், கடைசிக் கடிதத்தில் மாற்குவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறார். அப்போஸ்தலர் 15-ஆம் அதிகாரத்தோடு நிறுத்தியிருந்தால், உங்கள் நோட்டில் மாற்கு இன்னும் ஓடிப்போனவர்தான்.

தேமா கடினமான பெயர். பிலேமோனுக்கு எழுதிய கடிதத்தில் அவர் லூக்காவோடு உடன்வேலையாள். இங்கே, உலகத்தின்மேல் ஆசைவைத்துத் தெசலோனிக்கேக்குப் போய்விட்டவர். அந்தக் குற்றச்சாட்டை மழுப்பாதீர்கள். ஆனால், அவர் கிறிஸ்துவை மறுதலித்தார் என்றும் சேர்க்காதீர்கள். கடிதத்தில் அது இல்லை. தெசலோனிக்கேயைச் சேர்ந்த அரிஸ்தர்க்குவையும் பக்கத்தில் எழுதுங்கள்: கைதியான பவுலோடு கப்பலேறியவர் அவர்.

பவுலைவிட்டு விலகிய பிகெல்லு, எர்மொகெனே இருவருக்கும் ஒரே வசனம்தான். கதை கட்டாமல் கடந்துவிடுங்கள். அடுத்த வசனத்தில் வரும் ஒநேசிப்போருவிடம் நில்லுங்கள். எல்லாரும் விலகிய நேரத்தில், ரோமாபுரிக்கு வந்து ஒரு கைதியை விசாரித்து விசாரித்துக் கண்டுபிடிப்பது எத்தனை ஆபத்தான வேலை என்பதை வகுப்பார் உணரட்டும்.

நேரமிருந்தால், இதே கேள்வியைச் சந்தித்த வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் சபைக்கு வாருங்கள். கி.பி. 250-இல் ரோமப் பேரரசர் தெசியுவின் கட்டளைப்படி எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்று பெற வேண்டியிருந்தது. விசுவாசிகள் பலர் பலியிட்டார்கள். வேறு சிலர் பலியிடாமலே சான்றை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். 251-இல் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானும் மற்ற ஆயர்களும் கூடியபோது இவர்களை ஒரே தட்டில் வைக்கவில்லை. சான்று மட்டும் வாங்கியவர்களைத் தனித்தனியாக விசாரித்துச் சேர்த்தார்கள். பலியிட்டவர்களுக்கு நீண்ட தவக்காலம் விதித்தார்கள். அந்தச் சிப்ரியானும் 250-இல் ஒளிந்திருந்தே சபையை நடத்தியவர். 258-இல் சிரச்சேதம் செய்யப்பட்டார். அவர் பெயருக்கு எதிரே 250-இல் என்ன எழுதியிருப்பீர்கள் என்று கேளுங்கள். விவாதம் நீளும், அதற்கு நேரம் கொடுங்கள்.