நியூரோ அனாடமியைப் பெயர்ப் பட்டியலில் தொடங்காதீர்கள்

ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படிப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தண்டுவடத்தைப் புரிந்துகொள்ளத் தேவையான பாடம் அவர்கள் மலையேறி வந்த வழியிலேயே இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குக் குன்னூர் வழியாகவும் வரலாம், கோத்தகிரி வழியாகவும் வரலாம். கோத்தகிரி பஸ் வந்துவிட்டது, குன்னூர் பஸ்ஸைக் காணோம் என்றால் மண்சரிவு எந்தப் பக்கம் என்று பஸ் நிலையத்து டீக்கடைக்காரரே சொல்லிவிடுவார். நரம்பியலில் நோயின் இடத்தைக் கண்டுபிடிப்பதும் இந்தக் கணக்குதான்.

நியூரோ அனாடமி, அதாவது நரம்பு மண்டலத்தின் உடற்கூறியல், படிக்கும்போது பலர் செய்வது வேறு. நரம்புப் பாதைகளின் பெயர்களை ஒப்பிக்கிறார்கள். எந்தப் பாதை எங்கே பக்கம் மாறுகிறது என்பதை விட்டுவிடுகிறார்கள். அதிர்வையும் மூட்டின் நிலையையும் உணர்த்தும் பாதை நுழைந்த பக்கமாகவே ஏறி, மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில்தான் மாறுகிறது. வலி, வெப்பப் பாதையோ தண்டுவடத்தில் நுழைந்த ஓரிரு கூறுகளுக்குள் (ஓர் இணை நரம்புகள் புறப்படும் துண்டு ஒரு கூறு) மறுபக்கம் போய்விடுகிறது. இயக்கப் பாதையின் பெரும்பகுதி முகுளத்தின் கீழ்முனையில் மாறி இறங்குகிறது. மூன்றையும் மூன்று நிறங்களில் வரையுங்கள். மார்பு மட்டத்தில் தண்டுவடத்தின் வலது பாதியில் ஒரு வெட்டுக்கோடு போடுங்கள். வலது காலில் பலமும் அதிர்வுணர்வும் போகும். வலியுணர்வு இடது காலில் போகும். தண்டுவடத்தின் ஒரு பாதி வெட்டுப்பட்டால் வரும் இந்தக் குறிகளைச் சொல்லும் பிரவுன்-செக்கார் அட்டவணையை உருப்போட வேண்டியதே இல்லை.

அடுத்த தவறு, முள்ளெலும்பின் எண்ணும் தண்டுவடக் கூறின் எண்ணும் ஒன்றென்று எண்ணிக்கொள்வது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதல், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. கழுத்தில் முள்ளெலும்புகள் 7, நரம்பு இணைகள் 8.

மூளை நரம்புகள் பன்னிரண்டையும் பாட்டாகச் சொல்பவரிடம் அவற்றின் உட்கருக்கள் (அந்த நரம்புகளுக்குரிய நரம்பணுத் தொகுதிகள்) எங்கே என்று கேட்டுப் பாருங்கள், பாட்டு நின்றுவிடும். 3, 4 நடுமூளையில், 5 முதல் 8 வரை பெரும்பாலும் பான்ஸில் (நடுமூளைக்கும் முகுளத்துக்கும் இடையிலுள்ள பகுதி), 9 முதல் 12 வரை பெரும்பாலும் முகுளத்தில். பாட்டைவிட இதுதான் வார்டில் உதவும்.

மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் மேல் இயக்க நரம்பு பாதித்தால் விறைப்பு என்று எழுதிவிட்டு நிறுத்துவதும் தவறு. தண்டுவடம் திடீரென அடிபட்டால் முதல் நாட்களில் கால்கள் துவண்டே கிடக்கும். அனிச்சைச் செயல்களும் இருக்காது. ஸ்கேன் படம் பார்க்கும்போதும் பக்கத்தைக் கவனியுங்கள்: அதில் நோயாளியின் இடப்பக்கம் உங்கள் வலப்பக்கம் தெரியும்.

மலையில் படிப்பவர்களுக்கு மட்டும் இன்னொன்று. டிசம்பர் குளிரில் விறைத்த பாதத்தில் உணர்வுச் சோதனை செய்து 'குறைவு' என்று எழுதிவிடாதீர்கள். கம்பளி போர்த்திக் காலை வெதுவெதுப்பாக்கிய பிறகே அதிர்வுணர்வைச் சோதிக்கும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை வையுங்கள்.