நன்றி ஜெபத்தில் சறுக்கும் இடங்கள்

லூக்கா 18ஆம் அதிகாரத்து உவமையில் வரும் பரிசேயன் (வேதச்சட்டங்களைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் யூதக் குழுவைச் சேர்ந்தவன்) ஆண்டவரிடம் எதையுமே கேட்கவில்லை. அவனுடைய ஜெபம் முழுக்க ஸ்தோத்திரம்தான். "மற்ற மனுஷரைப்போலவும், இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்றான். ஆனால் நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குத் திரும்பியவன், மார்பில் அடித்துக்கொண்டு தூரத்தில் நின்ற, வரி வசூலிக்கும் அந்த ஆயக்காரன். நன்றி சொல்லிவிட்டாலே ஜெபம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் இந்த உவமையைத் திரும்பப் படிக்க வேண்டும். நன்றி ஜெபத்திலும் பொய் புகுந்துவிடும். தேவனைப் பற்றியோ, பக்கத்தில் நிற்கிறவரைப் பற்றியோ உண்மையல்லாத ஒன்றை ஸ்தோத்திரம் என்ற பெயரில் நாம் சொல்லிவிட முடியும்.

நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் காலை ஜெபம் ஒன்று உண்டு. "நேற்று இரவு படுத்தவர்களில் எத்தனையோ பேர் இன்று எழுந்திருக்கவில்லை. எங்களையோ எழுப்பினீர், ஸ்தோத்திரம்." சொல்கிறவர் மனதில் பெருமை எதுவும் இல்லை, பயபக்திதான் இருக்கிறது. ஆனாலும் அதே ஜெபக்கூட்டத்தில் போன மாதம் கணவரைப் பறிகொடுத்தவர் முக்காடிட்டு உட்கார்ந்திருப்பார். அப்படியானால் என் வீட்டுக்காரர் எழுந்திருக்காத அன்று ஆண்டவர் எங்கே போயிருந்தார் என்ற கேள்விதான் அவருக்குள் எழும்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. குளச்சலிலும் நாகப்பட்டினத்திலும் கடல் ஏறி வந்தபோது ஜெபிக்கிறவர்களும்தான் மாண்டார்கள். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்களையும் அலை விட்டுவைக்கவில்லை. "கர்த்தர் எங்களை நேசித்ததால் தப்புவித்தார்" என்று சாட்சி சொல்லும்போது, போனவர்களை அவர் நேசிக்கவில்லை என்ற இன்னொரு வாக்கியமும் சொல்லாமலே கேட்கிறது. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்களே, அவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று இயேசு கேட்டார் (லூக்கா 13:4). இல்லை என்று தாமே பதிலும் சொன்னார். உயிர் பிழைத்ததற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். அதற்கு மற்றவரின் சாவைப் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டியதில்லை. "இன்றைக்கு எழுப்பினீர், ஸ்தோத்திரம். எழுந்திருக்காதவர்களின் வீட்டாரைத் தேற்றும்" என்று ஜெபித்துப் பாருங்கள். அந்தக் கைம்பெண்ணும் அதற்கு ஆமென் சொல்வார். ஆஸ்பத்திரி வார்டில் பக்கத்துக் கட்டிலைப் பார்த்துச் சொல்லும் நன்றிக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கோடு ஒப்பிட்டுச் சொல்லும் நன்றிக்கும் இதே எச்சரிக்கைதான்.

இதைவிட ஆழமாகக் காயப்படுத்துவது, துக்கத்தின் வாயை ஸ்தோத்திரத்தால் அடைப்பது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், உடலை எடுப்பதற்கு முன்பே, "அழக்கூடாதும்மா, எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம்னு வேதம் சொல்லுது" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வசனம் (1 தெசலோனிக்கேயர் 5:18) எந்த நிருபத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தங்கள் மத்தியில் மரித்துப்போனவர்களை நினைத்துக் கலங்கியிருந்த சபைக்கு எழுதியது அது. நம்பிக்கையில்லாதவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் 4ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதுகிறார். துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதவில்லை. தன் உடன்வேலையாளான எப்பாப்பிரோதீத்து மரணத்தருவாயிலிருந்து பிழைத்தபோது, "துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு உண்டாகாதபடிக்கு" தேவன் தமக்கும் இரங்கினார் என்று பிலிப்பியருக்கு ஒளிக்காமல் எழுதியவரும் அவரே.

லாசருவின் கல்லறையண்டையில் இயேசு பிதாவை ஸ்தோத்திரிக்கிறார் (யோவான் 11:41). அதற்கு ஆறு வசனங்களுக்கு முன்பே அவர் கண்ணீர் விட்டாயிற்று. சங்கீதம் 88 இன்னும் தூரம் போகிறது. அது முதலிலிருந்து கடைசிவரை கதறல். நன்றி என்று ஒரு வரிகூட இல்லாமல், சிநேகிதரும் தூரமானார்கள் என்ற நிலையிலேயே முடிகிறது. அதையும் ஜெபமென்றே வேதத்தில் வைத்திருக்கிறார்கள். ஆகவே நன்றி சொல்ல வராத நாளில், வரவில்லை ஆண்டவரே என்று அவரிடமே சொல்லலாம். நடிக்க வேண்டாம்.

எபேசியர் 5:20 "எல்லாவற்றிற்காகவும்" ஸ்தோத்திரிக்கச் சொல்கிறதே என்று கேட்பீர்கள். அதே அதிகாரத்தின் 11ஆம் வசனம் அந்தகாரக் கிரியைகளுக்கு உடன்படாமல் அவைகளைக் கடிந்துகொள்ளச் சொல்கிறது. தீமையை நன்மை என்று பெயர் மாற்றி நன்றி சொல்லும்படி பவுல் யாரையும் கேட்கவில்லை. குடித்துவிட்டு அடிக்கிற கணவனோடு தவிக்கும் பெண்ணிடம், "அவருக்காக ஸ்தோத்திரம் பண்ணிட்டே இரு, மாறிடுவார்" என்று சொல்லி அனுப்பிவைப்பது பாவம். முதலில் அவளைப் பாதுகாப்பான இடத்தில் சேர்க்க வேண்டும்.

அடுத்து, நன்றியை முன்பணமாகக் கட்டும் பழக்கம். "ஸ்தோத்திரம் சொல்லச் சொல்ல ஆசீர்வாதம் இரட்டிப்பாகும்" என்று பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டு, இன்று சொல்லும் நன்றி நாளைய வரவுக்கான முதலீடு ஆகிவிட்டது. வரவு தாமதமானால் கசப்புதான் மிஞ்சும். 116ஆம் சங்கீதக்காரன் போக்கு வேறு. கர்த்தர் தனக்குச் செய்த உபகாரங்களுக்காக என்னத்தைச் செலுத்துவேன் என்று கேட்டு, ஏற்கெனவே பெற்றுக்கொண்டதற்காகப் பொருத்தனையை நிறைவேற்றப் போகிறான். கேட்பது தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. விண்ணப்பத்தை ஸ்தோத்திரத்தோடு சேர்த்தே சொல்லும்படி பிலிப்பியர் 4:6 சொல்கிறது. கேட்க வேண்டியதை நேராகக் கேளுங்கள், நன்றிக்குள் மறைத்துக் கேட்க வேண்டாம்.

பொத்தாம்பொதுவாகச் சொல்வது இன்னொரு பழக்கம். "சகல நன்மைகளுக்காகவும் ஸ்தோத்திரம்" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு விண்ணப்பப் பட்டியலுக்குத் தாவிவிடுகிறோம். சங்கீதம் 136க்கு 26 வசனங்கள். சிவந்த சமுத்திரம், எமோரியரின் ராஜாவாகிய சீகோன், பாசானின் ராஜாவாகிய ஓக், மாம்சதேகமுள்ள யாவற்றுக்கும் ஆகாரம் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிச் சொல்லித் துதிக்கிறது. 16ஆம் நூற்றாண்டில், இயேசு சபைத் துறவிகளின் நிறுவனர் லொயோலா இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த மனச்சோதனை என்ற, தன்னையே ஆராய்ந்து பார்க்கும் ஜெபத்திலும், பாவங்களைத் தேடுவதற்கு முன் முதல் படியாக வருவது பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வதுதான். இரவில் படுக்குமுன் அன்றைய பகலைக் காலையிலிருந்து ஒருமுறை நினைத்துப் பார்த்தால் மூன்று காரியமாவது பெயரோடு கிடைக்கும். பிள்ளைகளுக்கு இது எளிதாக வரும். ரப்பர் கடன் கொடுத்த நண்பனுக்காக ஒரு குழந்தை நன்றி சொன்னால் திருத்தாமல் விட்டுவிடுங்கள்.

ஆயிரம் ஸ்தோத்திரங்கள் அடங்கிய புத்தகத்தை வைத்து ஜெபிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். சோர்ந்துபோன மனதுக்கு அந்த வரிகள் கைகொடுக்கின்றன. ஆனால் எண்ணிக்கையை முடிக்கும் அவசரம் வந்துவிட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு, ஒரே வரியில் கொஞ்ச நேரம் தங்கியிருப்பது நல்லது.

சாப்பாட்டு ஜெபத்தையும் சொல்ல வேண்டும். நாம் பெரும்பாலும் சாப்பிடுமுன் கண்ணை மூடுகிறோம். உபாகமம் 8:10 சொல்வது, புசித்துத் திருப்தியான பின்பு ஸ்தோத்திரிக்க வேண்டும் என்று. யூதர்கள் இன்றும் சாப்பிட்ட பின் ஜெபிக்கிறார்கள். வயிறு நிறைந்ததும் கர்த்தரை மறந்துவிடாதே என்று அந்த அதிகாரம் திரும்பவும் எச்சரிக்கிறது. கை கழுவும் முன் இரண்டு வரி போதும்.

கடைசியாக, தேவனுக்கு நன்றி சொல்லிவிட்டு மனிதரை விட்டுவிடுவது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் சபையில் சாட்சி சொல்கிறோம். பத்து ராத்திரி கண்விழித்துப் பார்த்துக்கொண்ட மருமகளிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம். "எல்லாம் கர்த்தர் செய்தார்" என்பது உண்மைதான், அவர் அந்த மருமகளின் கையால் செய்தார். பவுல் ரோமர் 16இல் பிரிஸ்கில்லாளையும் ஆக்கில்லாவையும் பெயர் சொல்லி, தன் பிராணனுக்காகத் தங்கள் கழுத்தைக் கொடுத்தவர்கள் என்று நன்றி பாராட்டுகிறார். கப்பல் உடைந்து மெலித்தா தீவில் கரையேறியபோது, மழைக்கும் குளிருக்கும் நெருப்பு மூட்டிச் சேர்த்துக்கொண்டவர்கள் அவருடைய விசுவாசத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல. அவர்கள் பாராட்டின அன்பு கொஞ்சமல்ல என்று அப்போஸ்தலர் நடபடிகளில் பதிவாகியிருக்கிறது. நமக்கு ரத்தம் கொடுத்தவரும், நடுராத்திரியில் ஆட்டோ ஓட்டி வந்தவரும் நம் சபையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை. ஜெபத்தில் அவர் பெயரைச் சொன்னபின், அவருக்கே ஒரு போன் போட்டும் சொல்லிவிடுங்கள்.