"நீங்கள் எந்த அணி?": மெல்போர்னின் மேற்கில் குடியேறுபவர்களுக்கு

மெல்போர்னில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் "நீங்கள் எந்த அணி?" என்று கேட்டார்கள். ஐபிஎல்லைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து "சென்னை" என்றேன். மேசையைச் சுற்றி அமைதி. அவர்கள் கேட்டது ஃபுட்டியை, அதாவது ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தை. மருத்துவத்துக்கான மெடிகேர் அட்டை, ரயில், பேருந்துக்கான மைகி அட்டை வாங்கிய கையோடு நீங்களும் ஓர் அணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். டார்னீட், பாயிண்ட் குக் பக்கம் வீடு பார்த்திருப்பவர்களுக்கு என் சிபாரிசு வெஸ்டர்ன் புல்டாக்ஸ்.

முதலில் ஆட்டக் கணக்கு. முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்கு 18 பேர், ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடுவிலுள்ள இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்தால் 6 புள்ளி. ஓரத்து இடைவெளியில் போனால் 1. பலகையில் 13.11 (89) என்று இருந்தால் தசமக் கணக்கு என்று குழம்ப வேண்டாம். 13 கோல், 11 ஒற்றைப் புள்ளி, மொத்தம் 89. மற்ற விதிகள் பார்க்கப் பார்க்கப் பிடிபடும்.

இந்த அணியின் பழைய பெயர் ஃபுட்ஸ்கிரே. கல் குவாரி, தோல் பதனிடும் ஆலை, இறைச்சித் தொழிற்சாலை என்று உழைப்பாளிகள் நிறைந்த பேட்டை அது. பின்னாளில் வியட்நாமிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் முதலில் கால் ஊன்றியதும் அங்கேதான். 1925-இல் பெரிய லீக்கில் சேர்ந்த அணி, முதல் கோப்பைக்கு 1954 வரை காத்திருந்தது. அணித்தலைவரும் பயிற்சியாளரும் ஒருவரே, சார்லி சட்டன். இறுதி ஆட்டத்தில் எதிரணியான மெல்போர்ன் எடுத்ததே 51 புள்ளி. தோற்றதும் 51 புள்ளி வித்தியாசத்தில். அன்று ஆடிய 21 வயது டெட் விட்டனின் பெயரைத்தான் இன்று அணியின் சொந்த மைதானம் தாங்கி நிற்கிறது.

அதற்குப் பிறகு நீண்ட வறட்சி. 1989-இல் கடன் கழுத்தை நெரித்தது. அக்டோபரில் லீக் நிர்வாகம் இந்த அணியை இன்னொரு மெல்போர்ன் அணியான ஃபிட்ஸ்ராயோடு இணைத்து "ஃபிட்ஸ்ராய் புல்டாக்ஸ்" ஆக்கப்போவதாக அறிவித்தது. ஊர் கொதித்துப்போனது. பீட்டர் கார்டன் என்ற வழக்கறிஞர் முன்னால் நின்றார். ஒரு ரசிகை நீதிமன்றப் படியேறினார். மற்றவர்கள் தகர உண்டியலைக் குலுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். மூன்றே வாரத்தில் தேவையான பணம் சேர்ந்தது, அணி பிழைத்தது. ஊர்க் கோயில் திருப்பணிக்கு வசூல் செய்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது எளிதில் புரியும். ஃபிட்ஸ்ராய்க்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1996-இல் அது பிரிஸ்பேன் அணியோடு கரைந்தது. அதே ஆண்டின் இறுதியில் ஃபுட்ஸ்கிரே, மேற்கு முழுவதையும் சேர்த்துக்கொள்ளும் எண்ணத்தில், பெயரை வெஸ்டர்ன் புல்டாக்ஸ் என்று மாற்றிக்கொண்டது. மூத்த ரசிகர்கள் சிலருக்கு அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

இரண்டாவது கோப்பை வர 62 ஆண்டுகள் ஆயின. 2016-இல் பட்டியலில் ஏழாம் இடம் பிடித்த அணியை யாரும் பெரிதாக எண்ணவில்லை. அது பெர்த்துக்குப் போய் வென்றது, தொடர்ந்து மூன்று முறை கோப்பை வென்றிருந்த ஹாத்தோர்னை வீழ்த்தியது, இறுதிக்கு முந்தைய ஆட்டத்தில் 6 புள்ளியில் தப்பியது, இறுதியில் சிட்னியை 89–67 என்று சாய்த்தது. அணித்தலைவர் பாப் மர்பி முழங்கால் காயத்தால் அந்த ஆண்டின் பெரும்பகுதியும் ஆடவில்லை. பரிசளிப்பின்போது பயிற்சியாளர் லூக் பெவரிட்ஜ் அவரை மேடைக்கு அழைத்து, தன் கழுத்திலிருந்த பதக்கத்தைக் கழற்றி அவருக்கு அணிவித்தார். 2018-இல் பெண்கள் அணியும் கோப்பை வென்றது.

இனி நடைமுறைக்கு வருவோம். ஆண்கள் அணியின் மெல்போர்ன் ஆட்டங்கள் பெரும்பாலும் மார்வெல் ஸ்டேடியத்தில். சதர்ன் கிராஸ் நிலையத்தில் இறங்கி நடைமேம்பாலத்தைக் கடந்தால் வாசல். இரு அணி ரசிகர்களும் கலந்துதான் உட்காருவார்கள், பயம் வேண்டாம். பந்தோடு ஓடுபவரை எதிரணிக்காரர் கட்டிப்பிடித்ததும் அரங்கமே "பால்!" என்று அலறும். முதல் முறை நான் திடுக்கிட்டு எழுந்து நின்றுவிட்டேன். பந்தை விடாமல் வைத்திருந்ததற்குத் தண்டனை கொடு என்று நடுவரிடம் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

குழந்தைகள் இருந்தால், விட்டன் ஓவலில் பெண்கள் ஆட்டத்துக்கு முதலில் அழைத்துப் போங்கள். கூட்டம் குறைவு, ஆட்டம் கண்ணருகில். மைதானம் இருக்கும் பார்க்லி தெருவிலேயே மேற்கே நடந்தால் இந்திய மளிகையும் தோசையும் கிடைக்கும்.

அலுவலகத்தில் அடுத்த முறை கேட்டால் "டாக்ஸ்" என்று சொன்னால் போதும். கேட்டவர் வயதான மேற்குக்காரராக இருந்தால் 1989-ஐப் பற்றி ஒரு வார்த்தை எடுத்துப் பாருங்கள். கையிலிருக்கும் தேநீர் ஆறிப்போகும்.