ஜப்பானிய நண்பர் வீட்டுத் துக்கத்துக்கு முதல்முறை போகிறீர்களா? படிப்படியாக ஒரு விளக்கம்

டோக்கியோவிலோ ஒசாகாவிலோ வேலை பார்க்கிறவருக்கு ஒருநாள் அலுவலகத்தில் இப்படி ஒரு செய்தி வரும்: உடன் வேலை செய்பவரின் அப்பா காலமாகிவிட்டார், நாளை மாலை 6 மணிக்கு ட்சுயா என்ற வழிபாடு, மறுநாள் காலை இறுதிச் சடங்கு. என்ன உடுத்துவது, என்ன கொண்டுபோவது, என்ன சொல்வது என்று எதுவும் தெரியாமல் பலர் போகாமலேயே இருந்துவிடுகிறார்கள். அப்படி இருந்துவிடாதீர்கள். ஜப்பானில் துக்கத்துக்கு வந்தவர் நிறையப் பேசி ஆறுதல் சொல்ல வேண்டியதில்லை. எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பது ஏற்கெனவே வகுக்கப்பட்டிருக்கிறது. அதை அமைதியாகச் செய்தாலே உங்கள் வருத்தம் அந்தக் குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

ஜப்பானில் பெரும்பாலான இறுதிச் சடங்குகள் பௌத்த முறையில் நடப்பதால் அதையே இங்கே விளக்குகிறேன்.

1. அறிவிப்பை முழுதாகப் படியுங்கள்

ட்சுயா என்பது இறுதிச் சடங்குக்கு முந்தைய மாலை நடக்கும் வழிபாடு. முன்பெல்லாம் குடும்பத்தார் இரவு முழுக்க உடலருகே விழித்திருப்பார்கள். இப்போது பெரும்பாலும் மாலை 6 அல்லது 7 மணிக்குத் தொடங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் வந்தவர்கள் கலைந்துவிடுகிறார்கள். வேலை முடிந்து போகலாம் என்பதால் அலுவலக நண்பர்கள் அதிகம் வருவது இதற்குத்தான்.

அறிவிப்பில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். ஒன்று, கஸோகுசோ என்று இருக்கிறதா? அப்படியானால் குடும்பத்தார் மட்டும் கூடும் சடங்கு. அழைப்பு இல்லாமல் போகக்கூடாது. இரண்டு, கோடென் எனப்படும் துக்கப் பணத்தை வாங்குவதில்லை என்று எழுதியிருக்கிறார்களா? எழுதியிருந்தால் கொடுக்காதீர்கள். நம் ஊர் வழக்கப்படி வற்புறுத்திக் கையில் திணிப்பது அவர்களைச் சங்கடப்படுத்தும்.

இறந்து பல நாள் கழித்துச் சடங்கு வைத்திருப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். தகன நிலையத்தில் இடம் கிடைக்கக் காத்திருப்பார்கள். தோமோபிகி என்ற நாளையும் தவிர்ப்பார்கள். அன்று சடங்கு வைத்தால் இறந்தவர் நண்பர்களையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடுவார் என்று ஒரு நம்பிக்கை.

2. உடை

ஆண்களுக்குக் கறுப்பு சூட், வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, கறுப்புக் காலுறை, பளபளப்பில்லாத கறுப்புக் காலணி. பெண்களுக்கு உடலை மூடிய கறுப்பு உடை. தங்க நகையைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஒற்றைச் சரம் முத்து மட்டும் போடலாம். இரட்டைச் சரம் கூடாது, துக்கம் இரட்டிக்கும் என்பார்கள். ட்சுயாவுக்கு மட்டும் அடர் நீல சூட்டும் போதும். கறுப்பு டை, கொன்பினி எனப்படும் தெருமுனைச் சிறு கடைகளிலேயே கிடைக்கும்.

3. பண உறையைத் தயார் செய்யுங்கள்

கொஞ்சம் நேரம் ஒதுக்கிச் செய்ய வேண்டியது இதுதான். கோடென் கிட்டத்தட்ட நம் மொய் மாதிரி, சடங்குச் செலவில் நாமும் தோள் கொடுப்பது. உடன் வேலை செய்பவரின் பெற்றோருக்கு 3,000 முதல் 5,000 யென், நெருங்கிய நண்பர் என்றால் 10,000 யென் என்பது பொதுவான அளவு. 4,000, 9,000 வேண்டாம். அந்த எண்களின் ஓசை சாவையும் வேதனையையும் நினைவூட்டும்.

கொன்பினியிலும் 100 யென் கடையிலும் இதற்கென்றே உறை இருக்கும். கறுப்பு வெள்ளை நாடா கட்டியதாகவோ அச்சிட்டதாகவோ பாருங்கள். சிவப்பு நாடா கல்யாணத்துக்கு. அந்த நாடாவின் முடிச்சு ஒருமுறை போட்டால் எளிதில் அவிழாத வகை. இப்படியொரு துக்கம் இந்த வீட்டுக்கு மறுபடி வரவேண்டாம் என்பது அதன் பொருள். தாமரைப் படம் போட்ட உறை பௌத்தச் சடங்குக்கு மட்டும். மேலே எழுதும் வாசகம் பௌத்தப் பிரிவுக்கு ஏற்ப மாறும். கோகோடென் என்று எழுதிய உறையைக் கேட்டு வாங்கினால் எந்தப் பௌத்தப் பிரிவுக்கும் பொருந்தும்.

பெயரை வெளிர் சாம்பல் மையில் எழுதுவார்கள். கண்ணீர் விழுந்து மை கரைந்துபோனது என்பதற்கு அடையாளம் அது. அதற்கான தூரிகைப் பேனா உறைக்குப் பக்கத்திலேயே விற்கும். உங்கள் பெயரைக் கதகனாவில், அதாவது பிறமொழிச் சொற்களுக்கான ஜப்பானிய எழுத்தில், எழுதினால் போதும். உள்ளே இருக்கும் சிறிய உறையில் தொகையையும் முகவரியையும் தெளிவாக எழுதுங்கள், பதில் மரியாதை செய்ய அவர்களுக்கு அது வேண்டும்.

புத்தம்புது நோட்டு வைக்காதீர்கள். சாவை எதிர்பார்த்து முன்கூட்டியே மாற்றி வைத்ததுபோல ஆகிவிடும். கையில் புதிய நோட்டுதான் இருக்கிறதா? நடுவில் ஒரு மடிப்பு மடித்து வையுங்கள். நோட்டில் முகம் உள்ள பக்கம் உறையின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். உறையின் பின்புறம் கீழ் மடிப்பை மேல் மடிப்பு மூடியிருக்க வேண்டும். கல்யாண உறைக்கு இதற்கு நேர்மாறு. கடைசியாக ஊதா அல்லது அடர் நீலத் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். ஃபுகுசா என்பார்கள்.

4. வரவேற்பு மேசையில்

பத்துப் பதினைந்து நிமிடம் முன்னதாகப் போங்கள். மேசைக்கு வந்ததும் துணியைப் பிரித்து, எழுத்து எதிரில் இருப்பவருக்கு நேராகத் தெரியும்படி உறையைத் திருப்பி, இரண்டு கையாலும் கொடுங்கள். கூடவே ஒரே வாக்கியம்: "கோனோ தாபி வா கோஷூஷோஸமா தெஸு." உங்கள் துயரத்துக்கு என் வருத்தங்கள் என்று பொருள். மெதுவாக, பாதி வாய்க்குள் சொன்னாலும் குறையில்லை. அப்புறம் வருகைப் பதிவேட்டில் பெயரும் முகவரியும் எழுதுங்கள்.

குடும்பத்தாரிடம் எப்படி இறந்தார், எந்த ஆஸ்பத்திரி என்று விசாரிக்காதீர்கள். நம் ஊரில் கேட்காவிட்டால் அக்கறை இல்லை என்பார்கள்; அங்கே கேட்டால் காயத்தைக் கிளறுவதாகும். கட்டிப்பிடிப்பதும் வேண்டாம். தலை தாழ்த்தினால் போதும்.

5. தூபம் இடுதல்

துறவி சூத்திரம் ஓதிக்கொண்டிருக்கும்போதே வரிசையாக எழுந்து போகச் சொல்வார்கள். இதன் பெயர் ஷோகோ. பயப்பட ஒன்றுமில்லை, தணலில் தூளைப் போடும் செயல்தான். வரிசை இது:

- பீடத்தருகே போனதும் முதலில் குடும்பத்தாருக்குத் தலை வணங்குங்கள்.
- தூப மேசைக்கு முன் வந்து, இறந்தவரின் படத்தைப் பார்த்து வணங்குங்கள்.
- வலது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் தூளில் ஒரு சிட்டிகை எடுங்கள்.
- தலையைச் சற்றுக் குனிந்து, சிட்டிகையை நெற்றி உயரத்துக்குக் கொண்டுவந்து, பிறகு தணல்மேல் மெல்ல விடுங்கள்.
- கை கூப்பி நில்லுங்கள். அவசரம் வேண்டாம்.
- முதுகு காட்டாமல் இரண்டு மூன்று அடி பின்னால் வந்து, மறுபடி குடும்பத்தாருக்கு வணங்கித் திரும்புங்கள்.

எத்தனை முறை இடுவது? சோதோ ஸென் பிரிவில் இரண்டு முறை, ஷிங்கோன் பிரிவில் மூன்று. ஜோதோ ஷின்ஷூவின் ஹோங்கான்ஜி கிளையில் ஒரே முறை, அதுவும் நெற்றிக்கு உயர்த்தாமல். பிரிவு தெரியாவிட்டால் ஒருமுறை மனமாரச் செய்யுங்கள். கூட்டம் அதிகமிருந்தால் நடத்துகிறவர்களே ஒருமுறை போதும் என்று அறிவிப்பார்கள். ஜுஸு என்ற ஜபமாலை உங்களுக்குச் சொந்தமாக இருந்தால் இடது கையில் வைத்துக்கொள்ளலாம், இன்னொருவரிடம் இரவல் வாங்கக்கூடாது.

ஷிந்தோ முறைச் சடங்கில் தூபம் கிடையாது, சகாகி மரக்கிளையை வைப்பார்கள். இரண்டு வணக்கம், ஓசையில்லாமல் இரண்டு கைதட்டல், மீண்டும் ஒரு வணக்கம். கிறிஸ்தவச் சடங்கில் பூ வைப்பார்கள்.

6. சாப்பாடும் உப்பும்

ட்சுயா முடிந்ததும் பக்கத்து அறையில் சுஷியும் பியரும் வைத்து அழைப்பார்கள். துக்க வீட்டில் சாப்பிடுவதா என்று தயங்காதீர்கள். ஒரு வாயாவது சாப்பிடுவது இறந்தவருக்குச் செய்யும் மரியாதை. சைவம் என்றால் தேநீர் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். குடித்தாலும் கோப்பையோடு கோப்பை இடிக்கக்கூடாது. அரைமணிக்குள் கிளம்பிவிடுங்கள்.

கிளம்பும்போது தரும் பையில் சின்ன உப்புப் பொட்டலம் இருக்கலாம். வீட்டு வாசலைத் தாண்டுமுன் மார்பு, முதுகு, கால் மேல் கொஞ்சம் தெளித்துக்கொள்ள அது. ஜோதோ ஷின்ஷூவினர் சாவைத் தீட்டாகக் கருதுவதில்லை என்பதால் உப்பு தரமாட்டார்கள். பின்னால் வீட்டுக்குத் தேயிலையோ, நோரி என்ற உலர்ந்த கடற்பாசியோ வரும். கொடுத்த பணத்தில் பாதி மதிப்புள்ள பதில் மரியாதை அது. வாங்கிக்கொள்ளுங்கள், இதற்கு நன்றிக் கடிதம் எழுதும் வழக்கமில்லை.

7. குடும்பத்துக்குள் இருப்பவர்களுக்கு

ஜப்பானியரை மணந்தவர்களுக்கு இது தேவைப்படும். ஜப்பானில் ஏறக்குறைய எல்லா உடல்களும் தகனம்தான். தகனம் முடிந்ததும் உறவினர்கள் சுற்றி நின்று, இருவர் இருவராகச் சேர்ந்து குச்சியால் எலும்புகளை எடுத்துக் கலசத்தில் இடுவார்கள். காலில் தொடங்கித் தலையில் முடிப்பது முறை, கலசத்துக்குள்ளும் அவர் நிமிர்ந்தே இருக்க வேண்டும் என்பதற்காக. கழுத்தின் இரண்டாவது எலும்பு கை கூப்பி அமர்ந்த புத்தர் மாதிரித் தெரியும் என்பார்கள். அதைத் தனியே எடுத்துவைத்துக் கடைசியாக நெருங்கியவர்கள் இடுவார்கள். கிழக்கு ஜப்பானில் எல்லா எலும்பையும் எடுப்பார்கள், மேற்கில் ஒரு பகுதியை மட்டும்.

சாப்பாட்டு மேசையில் ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றக்கூடாது என்று ஜப்பானியர்கள் சொல்வது, குச்சியால் எலும்பெடுக்கும் இந்தச் சடங்கை அது நினைவூட்டுவதால்தான்.

8. அந்த ஆண்டு முழுக்க

பௌத்த வழக்கில் 7 நாளுக்கு ஒருமுறையாக 49ஆம் நாள் வரை கணக்கு. கலசத்தைக் கல்லறையில் வைப்பதும் பெரும்பாலும் 49ஆம் நாளையொட்டி. நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ, துக்கத்தில் இருக்கிறோம், புத்தாண்டு வாழ்த்து சொல்ல இயலாது என்று அவர்களிடமிருந்து அஞ்சலட்டை வரும். அந்த வீட்டுக்கு வாழ்த்து அனுப்பாதீர்கள். ஜனவரி 7க்குப் பிறகு, பிப்ரவரித் தொடக்கத்துக்குள், குளிரில் நலமா என்று விசாரிக்கும் அட்டை அனுப்பலாம். எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது. எல்லோரும் கொண்டாடி முடித்துவிட்ட நேரத்தில் அந்த வீட்டை மட்டும் நினைத்து ஒரு கடிதம் போகிறது.

ஓராண்டு நிறைந்ததும் முதல் நினைவு நாள். மூன்றாவது நினைவு நாள் என்பது இரண்டு ஆண்டு நிறைவில் வரும், இறந்த ஆண்டையும் சேர்த்து எண்ணுவதால். பிறகு 7, 13 என்று போய், பல குடும்பங்களில் 33ஆவதோடு நிறைவு பெறும்.

9. கல்லறைக்குப் போகும்போது

முன்னோர் வீடு வருவதாக நம்பப்படும் ஒபோன் சமயத்தில் நண்பர் உங்களையும் கல்லறைக்குக் கூப்பிடலாம். பெரும்பாலான ஊர்களில் ஆகஸ்ட் 13 முதல் 16, டோக்கியோவில் பலருக்கு ஜூலையில் அதே தேதிகள். புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர், பசித்த ஆவிகளின் உலகில் தன் தாய் தவிப்பதைக் கண்டு அவளை மீட்ட கதையிலிருந்து வந்த நாள் இது. முன்னோர் வேகமாக வீடு வர வெள்ளரிக்காயில் குதிரையும், மெதுவாகத் திரும்பக் கத்தரிக்காயில் மாடும் செய்து வைப்பார்கள்.

வாளியில் தண்ணீரும் அகப்பையும் எடுத்துப் போய், முதலில் களை பிடுங்கி, கல்லைத் துடைத்துக் கழுவுங்கள். பூவை இரண்டு பக்கமும் வையுங்கள். முள் உள்ள ரோஜா வேண்டாம். ஊதுபத்தியின் சுடரை வாயால் ஊதி அணைக்காமல் கையால் விசிறி அணையுங்கள். அவருக்குப் பிடித்த மதுவாக இருந்தாலும் கல்மேல் ஊற்றாதீர்கள், கறை படியும். கும்பிட்டு முடிந்ததும் படைத்த தின்பண்டத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். விட்டுவந்தால் காகங்கள் கிளறிப் பக்கத்துக் கல்லறைகளையும் அசுத்தமாக்கிவிடும்.