மார்கழிக் குளிரில் விரால்: பத்து மணிக்கு மேல கிளம்புங்க

தூண்டில் பிடிக்க ஆரம்பித்த முதல் மார்கழியில் நான் அடித்த கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். விடியற்காலை ஐந்து மணிக்குக் காதைச் சுற்றி மஃப்ளர் கட்டிக்கொண்டு கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு ஏரிக்கரையில் போய் நிற்பேன். பனி கொட்டும், ராடு (தூண்டில் கழி) பிடித்த விரல் மரத்துப்போகும். எட்டரை மணி வரை இரையாக ரப்பர் தவளையை வீசி வீசி இழுத்துவிட்டு, ஒரு கடிகூடக் காணாமல் வீடு திரும்புவேன். நாலாவது நாள் அந்தப் பக்கம் ஆடு ஓட்டி வந்த பாட்டி நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏம்பா, மீனே இன்னும் எந்திரிக்கல. நீ எதுக்கு இந்நேரத்துக்கு எந்திரிச்சு வந்து நிக்கற?”

கிண்டலுக்குத்தான் கேட்டார். ஆனால் குளிர்கால விரால் பிடிப்பில் பாதிப் பாடம் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. மீதிப் பாதியை, ராடே தொடாதவருக்கும் புரிகிற மாதிரி வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், யூடியூப் பாடத்தை மறந்துவிடுங்கள்

குளிர்கால மீன்பிடிப்பு என்று தேடினால் அமெரிக்காக்காரர்கள் பாஸ் மீன் பிடிக்கிற வீடியோதான் வந்து விழும். “ஆழத்துக்குப் போ, அடியில் தேடு” என்பார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. தண்ணீர் 4 டிகிரியில்தான் கனம் அதிகம். மேலே பனிக்கட்டி மூடிய ஏரியில் அடித்தண்ணீர்தான் கொஞ்சமாவது சூடு, அதனால் பாஸ் கீழே போய்க் கிடக்கும்.

நம் ஊரில் அந்த அளவு குளிர் ஏது? ஓசூர், தளி பக்கம் கடல் மட்டத்துக்கு மேலே 2800 அடியைத் தாண்டிய மேட்டு நிலம். அங்கேயே மார்கழி விடியலில் 15 டிகிரியை ஒட்டித்தான் இறங்கும். கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று கீழே வர வர இன்னும் கொஞ்சம் இதம். அதைவிட முக்கியமான வித்தியாசம் மீனில் இருக்கிறது. விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. செவுளுக்கு மேலே காற்றை அடைத்து வைக்கும் அறை ஒன்று உண்டு. மேலே வந்து வாயால் காற்றை விழுங்கியே ஆகவேண்டும், வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். அப்படிப்பட்ட மீன் இருபது அடி ஆழத்தில் போய்ப் படுக்காது. மூன்று நான்கு அடித் தண்ணீரில், கோரையும் அல்லியும் இருக்கிற ஓரமாக, சேற்றை ஒட்டிச் சோம்பிக் கிடக்கும்.

குளிர்ந்த தண்ணீரில் அதன் உடம்பு மெதுவாக ஓடுகிறது. பசி குறைவு, மூச்சுக்கு மேலே வருவதும் குறைவு. ஆனால் வந்தே தீரவேண்டும். நமக்குக் கிடைக்கிற ஒரே துப்பு அதுதான்.

எங்கே போவது, யாரைக் கேட்பது

ஊர் ஏரிகளில் பெரும்பாலும் மீன் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். ஏலம் எடுத்தவர் யார் என்று கரையோர டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். அவரிடம் போய், “அண்ணா, ஒரே ஒரு தூண்டில்தான், விரால் மட்டும் பாத்துட்டுப் போறேன்” என்று கேளுங்கள். கேட்டால் பாதிப் பேர் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். கேட்காமல் இறங்கினால் ராடு அவர் வீட்டில் இருக்கும், நீங்கள் பஸ் ஸ்டாண்டில் இருப்பீர்கள்.

1957-இல் காமராஜர் திறந்து வைத்த கே.ஆர்.பி. அணையில் (கிருஷ்ணகிரி அணை) 52 அடி வரை தண்ணீர் நிற்கும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். புதிதாகக் கற்பவருக்கு அது வேண்டாம். அணைகளில் அனுமதி வாங்கவேண்டும், அதோடு அவ்வளவு பெரிய பரப்பில் விராலைத் தேடுவது வைக்கோல்போரில் ஊசி தேடுகிற கதை. அங்கே போனால் வறுத்த மீன் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி வருவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்த மீனை நான் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை.

தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கேழ்வரகு அறுப்பு நெருங்குகிற இதே குளிர்காலத்தில்தான் பன்னர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டம் இந்தப் பக்கம் இறங்குகிறது. காட்டோர ஏரியில் விடியலிலும் பொழுது சாய்ந்த பிறகும் நிற்காதீர்கள். பனிமூட்டத்தில் இருபது அடிக்கு அந்தப் பக்கம் நிற்பது பாறையா யானையா என்று தெரியாது. காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலய எல்லைக்குள் தூண்டிலோடு நுழையவே வேண்டாம்.

ஆரம்பிக்க நல்ல இடம், பத்துப் பதினைந்து ஏக்கர் பரப்புள்ள சின்ன ஏரி. இல்லையென்றால் தெரிந்தவர் தோட்டத்துக் கிணறு. மார்கழி விடியலில் கிணற்றிலிருந்து ஆவி எழும்புவதைப் பார்த்திருப்பீர்களே, ஊற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதால் கிணற்று விரால் குளிரிலும் சுறுசுறுப்பாக இருக்கும். ஆனால் தனியாகப் போகாதீர்கள், படி வழுக்கும். மாட்டிய மீனைத் தூண்டில் நரம்போடு மேலே தூக்கினால் பாதி வழியில் கழன்று விழும். கயிற்றில் கட்டிய கூடையை இறக்கி அதில் வாங்குங்கள்.

ஏரியிலும் இதே கணக்கு உண்டு. போர்வெல் தண்ணீர் வாய்க்கால் வழியாக ஏரியில் கலக்கிற மூலை இருந்தால் அதை விடாதீர்கள். நான் குளிர்காலத்தில் முதலில் தேடுவது அந்த மூலையைத்தான்.

நேரமும் கரையும்

காலை பத்து மணிக்கு மேல், மதியம் மூன்று மணிக்குள். வெயில் ஏறி ஓரத் தண்ணீரில் கை வைத்தால் சில்லென்று இழுக்காத நேரம். வெயில் காலத்து விதிக்கு நேர் எதிர்.

எந்தக் கரை? மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது, வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. ஆகவே வடக்குக் கரையோரத் தண்ணீரில் நாள் முழுக்க வெயில் விழும், கரையே காற்றுக்கு மறைப்பாகவும் இருக்கும். மூன்று நாள் தொடர்ந்து வெயில் அடித்த பிறகு வருகிற நாள் உத்தமம். மேகம் மூடி வாடை வீசுகிற நாளில் வீட்டிலேயே இருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கலங்கிய செந்தண்ணீர் தெளிந்து, தண்ணீருக்குள் நீட்டிய கையில் விரல் தெரிகிற பக்குவத்துக்கு வந்திருக்கவேண்டும்.

சாமான்

ராடு 7 அடி, கொஞ்சம் முரட்டு ரகம். நரம்பு சுற்றுகிற ரீல் 3000 அளவு. 30 பவுண்டு தாங்குகிற பின்னல் நரம்பு, அதைப் பிரெய்டு என்று கேட்டால் கடையில் தருவார்கள். கோரைக்குள்ளிருந்து விராலை இழுத்து வர மெல்லிய நரம்பு தாங்காது. இரை இரண்டே போதும்: ஒரு ரப்பர் தவளை, ஒரு ரப்பர் மீன். கலர் கலராகப் பத்து வாங்காதீர்கள், நான் வாங்கியதில் எட்டு இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. உயிர்த் தவளையைக் குத்திப் போடுகிற பழக்கம் வேண்டாம், அது இல்லாமலே மீன் கிடைக்கும்.

ராடு வாங்க வசதிப்படாவிட்டால் பன்னிரண்டு அடி மூங்கில் கழி, தடித்த நைலான் நரம்பு, 1/0 முள், நாலைந்து மண்புழு. இதுவும் நன்றாகவே வேலை செய்யும். முள் நம்பரில் புதியவர்கள் குழம்புவார்கள்: வெறும் நம்பர் ஏற ஏற முள் சின்னதாகும், பக்கத்தில் 1/0, 2/0 என்று சுழி (0) போட்ட நம்பர் ஏற ஏற முள் பெரிதாகும். 8-ஆம் நம்பர் கெண்டைக்கு, 1/0 விராலுக்கு.

முடிச்சைப் பற்றி நிறையவே சொல்வேன். புதியவர் கைவிடுகிற மீனில் பாதி முடிச்சில்தான் போகிறது. பின்னல் நரம்பு வழவழப்பானது, சாதாரண முடிச்சு நழுவிவிடும். இப்படிப் போடுங்கள்:

நரம்பு நுனியை ஒரு சாண் அளவு மடித்து இரட்டையாக்குங்கள். அந்த மடிப்பை முள்ளின் காதுக்குள் நுழைத்து நாலு விரற்கடை வெளியே இழுங்கள். இப்போது ஒரு பக்கம் மடிப்பு வளையம், மறு பக்கம் இரண்டு நரம்பு, நடுவில் முள் தொங்கும். இரண்டு பக்கத்தையும் சேர்த்து, செருப்புக் கயிறு கட்டும்போது போடுகிற முதல் முடிச்சு மாதிரி ஒரே ஒரு சுற்று போடுங்கள். இறுக்கவேண்டாம், தளர்வாகவே இருக்கட்டும். அடுத்து, மடிப்பு வளையத்தை விரித்து முள் முழுவதையும் அதற்குள் விட்டு எடுங்கள். வளையம் முள்ளைத் தாண்டி மேலே காதுப் பக்கம் வந்துவிடும். எச்சில் தொட்டு ஈரப்படுத்தி, இரண்டு நரம்பையும் சேர்த்து மெதுவாக இழுங்கள். முடிச்சு காதின் மேல் சப்பென்று உட்காரும். மிச்ச நுனியைக் கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள். எச்சில் தொடாமல் இழுத்தால் உரசலில் நரம்பு சூடாகி அங்கேயே பலம் போய்விடும். வீட்டில் உட்கார்ந்து இருபது தடவை போட்டுப் பழகிவிட்டுக் கரைக்கு வாருங்கள்.

வீசுவதற்கு முன் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள்

புதியவருக்கு இதுதான் கஷ்டம். ராடைக் கீழே வையுங்கள், தண்ணீரைப் பாருங்கள். நிழல் தண்ணீரில் விழாத மாதிரி இரண்டடி தள்ளி உட்காருங்கள். கரையில் தொம்மென்று நடக்காதீர்கள், விராலுக்கு அதிர்வு நன்றாகக் கேட்கும்.

ஜிலேபி மீன் மேலே வந்தால் மழைத்துளி விழுந்த மாதிரிச் சின்னச் சின்ன வட்டம். கட்லாவும் ரோகுவும் புரண்டால் முதுகு தெரியும். விரால் மூச்சு வேறு மாதிரி. கோரை ஓரத்தில் தண்ணீர் லேசாக உப்பும், மூக்கு நுனி ஒரு கணம் தெரியும், “ளப்” என்று நாக்கைச் சொடுக்கின மாதிரிச் சத்தம், உடனே வால் திரும்பிய சுழி, அதன் பின்னால் இரண்டு மூன்று குமிழி. அவ்வளவுதான். விராலின் சின்ன உறவான கொறவையும் இப்படித்தான் செய்யும், ஆனால் சுழி கையகலத்துக்கு மேல் இருக்காது.

கோடையில் நாலைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்த மீனை, குளிரில் கால் மணி நேரம் காத்திருந்துதான் நான் இரண்டாவது தடவை பார்த்திருக்கிறேன். பொறுத்திருந்தால் அதே மீன் ஏறக்குறைய அதே இடத்தில் திரும்ப வரும். இரண்டு தடவை பார்த்த பிறகு ராடை எடுங்கள்.

வீச்சும் இழுப்பும்

மூச்சு விட்ட இடத்தின் மேலேயே போடாதீர்கள், மிரண்டுவிடும். ஆறடி தாண்டிப் போட்டு அந்த இடத்தின் வழியாக இழுத்து வாருங்கள். தவளை விழுந்ததும் அலைவட்டம் அடங்கும் வரை அசைக்கவேண்டாம். பிறகு ராடு நுனியால் இரண்டு சின்னத் தட்டு. நிறுத்துங்கள். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். மறுபடி இரண்டு தட்டு. கோடையில் இழுத்த வேகத்தில் பாதிகூட வேண்டாம், அதிலும் பாதி போதும். குளிரில் விரால் இரையைத் துரத்தி ஓடாது, மூக்குக்கு முன்னால் வந்தால் வாயைத் திறக்கும், அவ்வளவே.

மேலே எழும்பவே மாட்டேன் என்றால் ரப்பர் மீனைப் போட்டு அடியைத் தொடவிட்டு, இரண்டு மூச்சுக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் ரீலைச் சுற்றுங்கள். செடியில் சிக்காமல் இருக்க முள் நுனியை ரப்பருக்குள்ளேயே லேசாகப் புதைத்து வையுங்கள்.

அடிக்கும்போது

வெயில் காலத்தில் பளாரென்று தண்ணீர் வெடிக்கும். குளிரில் பெரும்பாலும் அந்தச் சத்தமே இருக்காது. தவளை சத்தமில்லாமல் உள்ளே போகும், அல்லது நரம்பு பக்கவாட்டில் மெல்ல நகரும். பார்த்தவுடன் வெடுக்கென்று இழுத்தால் தவளை மட்டும் உங்கள் முகத்துக்குப் பறந்து வரும். எனக்கு முதல் ஏழெட்டு மீன் அப்படித்தான் போயிற்று. “ஒண்ணு, ரெண்டு” என்று நிதானமாக எண்ணுங்கள், தளர்ந்த நரம்பைச் சுற்றி எடுங்கள், கனம் தெரிந்ததும் ராடைப் பலமாக மேல்நோக்கிச் சுண்டுங்கள். பிறகு விட்டுக்கொடுக்காதீர்கள், கோரைக்குள் தலை நுழைந்துவிட்டால் அந்த மீன் உங்களுடையது இல்லை.

குளிரில் அபூர்வம் என்றாலும் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: செம்மஞ்சளாகக் குஞ்சுக் கூட்டம் கொதிப்பது போல மேலே தெரிந்தால், கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கிறது. அதைப் பிடித்தால் குஞ்சு அத்தனையும் மற்ற மீனுக்கு இரை. அந்த இடத்தை விட்டு நகருங்கள்.

பிடித்த பிறகு

ஈரத் துணியால் தலைக்குப் பின்னால் அழுத்திப் பிடித்து, மூக்குச் சாமணத்தால் முள்ளை எடுங்கள். விரல் விடாதீர்கள், பல் உண்டு. அரைக் கிலோவுக்குக் கீழே இருந்தால் விட்டுவிடுங்கள். காற்றை விழுங்கும் மீன் என்பதால் ஈரச் சாக்கில் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாளியில் போட்டால் மூடி வைத்து மேலே கல் வையுங்கள். மூடாத வாளியிலிருந்து துள்ளி, ஸ்கூட்டர் கால் வைக்கிற இடத்திலிருந்து ரோட்டில் விழுந்து, என் கண் முன்னாலேயே வாய்க்காலுக்குள் போன மீன் ஒன்று உண்டு.

வழவழப்புப் போக அடுப்புச் சாம்பலும் கல் உப்பும் போட்டு, சொரசொரப்பான கல்லில் தேயுங்கள். குழம்பைச் சாயங்காலமே வைத்து மூடிவிட்டு, மறுநாள் காலை சுடச்சுடக் கேழ்வரகுக் களி கிண்டி எடுங்கள். பத்து மணிக்குத்தானே கிளம்பணும், நிதானமாகச் சாப்பிட்டுவிட்டே போகலாம்.