பழைய கணினி வாங்கலாமா? முதன்முறை சேகரிப்பவருக்கு ஒரு செய்முறை விளக்கம்

1980களின் கணினி ஒன்று விற்பனைக்கு வந்திருப்பதைப் படத்தில் பார்த்ததும் கை பரபரக்கும். இத்தனை ஆண்டுகள் கழித்தும் எனக்கு அது அடங்கவில்லை. அந்தப் பரபரப்பில் பணத்தைக் கொடுத்துவிடாமல், கீழே சொல்லியிருப்பவற்றை வரிசையாகச் செய்துபாருங்கள். ஒரு மாதம் பிடிக்கும். அதற்குள் அந்தக் கணினி விற்றுப்போனால் போகட்டும், இன்னொன்று வரும்.

படி 1: எதற்காக என்று ஒரே வரியில் எழுதுங்கள்

"சிறுவயதில் ஆடிய விளையாட்டை மீண்டும் ஆட", "பேசிக் மொழியில் நிரல் எழுத", "பிரித்துப் பழுதுபார்த்துக் கற்றுக்கொள்ள", "அலமாரியில் வைத்துப் பார்க்க" என்று எதுவாகவும் இருக்கலாம். காகிதத்தில் எழுதுங்கள். அலமாரிக்குத்தான் என்றால் ஓடாத கணினியே போதும், விலையும் குறையும். பழுதுபார்க்க ஆசை என்றாலும் ஓடாததே நல்லது. விளையாட்டு மட்டும்தான் என்றால் அடுத்த படியிலேயே உங்கள் தேவை தீர்ந்துவிடக்கூடும்.

படி 2: ஒரு மாதம் எமுலேட்டரில் வாழ்ந்துபாருங்கள்

எமுலேட்டர் என்பது பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும்படி இன்றைய கணினியில் ஓடும் மென்பொருள். 1980களின் கணினிகளில் கொமடோர் 64 வேண்டுமென்றால் வைஸ், அமிகா வேண்டுமென்றால் எஃப்எஸ்-யுஏஇ. இரண்டும் இலவசம். வைஸைத் திறந்ததும் நீலத் திரை வரும். பேசிக் மொழிக்கு 38,911 பைட்டுகள் மீதம் இருப்பதாக அதுவே சொல்லும். அந்த இடத்துக்குள் பத்து வரி நிரல் ஒன்றை எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் தவறாமல் செய்யுங்கள். பிளாப்பி டிரைவின் உண்மையான வேகத்தை அப்படியே காட்டும் அமைப்பு வைஸில் உண்டு. அதை இயக்கிவிடுங்கள். கொமடோர் 64இன் பிளாப்பி டிரைவான 1541 நொடிக்குச் சில நூறு பைட்டுகளைத்தான் படிக்கும். 40 கிலோபைட் விளையாட்டு ஒன்று ஏற ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடக் காத்திருப்பு உங்களுக்குப் பிடித்திருக்கிறதா, எரிச்சலாக இருக்கிறதா? வாங்குவதா வேண்டாமா என்பதற்கு என்னிடம் இதைவிட நல்ல சோதனை இல்லை. மாதக் கடைசியில் எமுலேட்டரைத் திறப்பதே நின்றுபோயிருந்தால் இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஒரு மணி நேரம் போதாமல் இரவு நீண்டிருந்தால் மேலே படியுங்கள்.

படி 3: அதிகம் விற்ற மாடலாகத் தேர்ந்தெடுங்கள்

முதல் கணினி அரியதாக இருக்க வேண்டாம். கொமடோர் 64, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் (இரண்டும் 1982இல் வந்தவை) போன்றவை கோடி, அரைக்கோடி என்ற அளவில் விற்றவை. அவற்றுக்கு மாற்று உதிரிகளை இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். ஸ்பெக்ட்ரத்தின் விசைகளுக்குக் கீழுள்ள மெல்லிய தாள் காய்ந்து ஒடிவது வழக்கம். புதுத் தாள் கிடைக்கும். சில ஆயிரம் மட்டுமே விற்ற கணினியில் அதற்கென்றே வடித்த சிப் ஒன்று செத்தால், இன்னொரு கணினியைப் பலியிட்டால்தான் இது பிழைக்கும்.

வேறு நாட்டிலிருந்து வருவதானால் மின்னழுத்தம் 110 வோல்ட்டா 230 வோல்ட்டா, தொலைக்காட்சிக்குப் படம் அனுப்புவது பால் (PAL) முறையிலா என்டிஎஸ்சி (NTSC) முறையிலா என்று கேட்டுவிடுங்கள்.

படி 4: உள்பக்கப் படம் கேளுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான்.

நான் வாங்கிய முதல் கணினியை வெளியே துடைத்துப் பளபளவென்று அனுப்பியிருந்தார்கள். திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினேன். பேட்டரியைச் சுற்றி மயில்துத்த நிறத்தில் பொடி பூத்திருந்தது. பல் குத்தும் குச்சியால் மெல்லத் தொட்டேன். அருகிலிருந்த சிப்பின் கால் ஒன்று உதிர்ந்து குச்சியோடு வந்துவிட்டது. சிப்கள் பொருத்தப்பட்ட பலகையான போர்டின் செம்புத் தடங்கள் பச்சைப் பூச்சுக்கு அடியில் கறுத்து அரித்திருந்தன. மூடியைத் திறந்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

நேரத்தை நினைவில் வைத்திருக்கச் சில கணினிகளில் சிறு பேட்டரி உண்டு. அமிகா 500 பிளஸில் அது போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட நிக்கல் காட்மியம் பேட்டரி. பல ஆண்டு கிடந்தால் அதிலிருந்து காரம் கசிந்து செம்பைத் தின்னும். மெக்கின்டாஷ் எஸ்இ/30 போன்றவற்றில் இருப்பது 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி. அது வெடித்துக் கசிந்தால் பெட்டிக்குள் இருக்கும் இரும்பெல்லாம் துருப்பிடிக்கும்.

பேட்டரிக்கு அடுத்து, மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் உதிரிகளான கெபாசிட்டர்கள். அதே எஸ்இ/30இல் போர்டின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் சிறு கெபாசிட்டர்கள் கசியும். அடியில் மங்கலான கறை தெரியும், உதிரிகளைப் பற்றவைக்கும் சால்டரிங் இரும்பு பட்டால் மீன்வாடை வரும். பிபிசி மைக்ரோ கணினியின் பவர் சப்ளையில் உள்ள ஒருவகைக் காகிதக் கெபாசிட்டரின் கண்ணாடி போன்ற உறையில் மயிரிழை விரிசல்கள் விழும். அதன் வழியே ஈரம் ஏறும். மின்சாரம் கொடுத்த சிறிது நேரத்தில் அறை முழுக்கப் புகை. கெபாசிட்டரை மாற்றுவது எளிது, அதற்காக நல்ல கணினியை ஒதுக்காதீர்கள். பேட்டரி தின்ற போர்டை மட்டும் முதல் கணினியாக எடுக்காதீர்கள்.

கொமடோர் 64 வாங்குபவருக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதன் பழைய அடாப்டர் பிசின் ஊற்றி மூடப்பட்ட கட்டி. மின்னழுத்தத்தைச் சீராக வைக்க உள்ளிருக்கும் ரெகுலேட்டர் பழுதானால் 5 வோல்ட் தர வேண்டிய இடத்தில் அதற்கு மேல் ஏறும், நினைவக சிப்கள் கருகும். மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டரில் அது 5.25 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கணினியில் செருகவே கூடாது. சரியாகக் காட்டினாலும், சூடேறிய பிறகு எப்போது தவறும் என்று சொல்ல முடியாது. புது அடாப்டர் வாங்கிவிடுங்கள்.

படி 5: விற்பவரின் சொற்களை எடைபோடுங்கள்

"பரிசோதிக்கவில்லை" என்றால் ஓடாது என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். "விளக்கு எரிகிறது" என்பதற்கு மின்சாரம் உள்ளே போகிறது என்பதற்கு மேல் பொருள் இல்லை. திரையில் எழுத்து வந்த படத்தைக் கேளுங்கள். முடிந்தால் ஒவ்வொரு விசையையும் தட்டும் வீடியோவையும். பிளாஸ்டிக் மஞ்சளித்திருப்பது குறையே இல்லை. உடைந்த மூலையும் காணாமல்போன விசையும்தான் குறை.

படி 6: கூட வரும் செலவைக் கூட்டுங்கள்

கணினியின் விலையோடு கணக்கு முடியாது. தரமான அடாப்டர், திரைக்கான கேபிள், பிளாப்பிக்குப் பதிலாக யுஎஸ்பி பென்டிரைவிலோ மெமரி கார்டிலோ கோப்புகளை வைக்கும் கருவி (அமிகாவுக்குப் பென்டிரைவ் ஏற்கும் கோடெக், கொமடோருக்கு மெமரி கார்டு ஏற்கும் எஸ்டி2ஐஈசி), மல்டிமீட்டர், சால்டரிங் இரும்பு எல்லாம் வேண்டும். 1982இல் வந்த முதல் ஸ்பெக்ட்ரம் தருவது பழைய ஆன்டெனா வழி சமிக்ஞை மட்டுமே. பல புதிய தொலைக்காட்சிகள் அதைச் சரியாக ஏற்பதில்லை. இவற்றின் கூட்டுத்தொகை கணினியின் விலையைத் தாண்டினாலும் வியப்பில்லை.

படக்குழாய் உள்ள கணினியைத் தொடக்கநிலையில் இருப்பவர் திறக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதனுள் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம்.

படி 7: இடத்தைக் காலிசெய்துவிட்டு முடிவெடுங்கள்

வெயில் படாத, ஈரம் இல்லாத ஒரு மேசையை இப்போதே ஒதுக்குங்கள். பெட்டிக்குள் போய்விட்ட கணினியை எடுத்துப் பொருத்தி இயக்க மனம் வராது. மேசை கிடைத்து, எமுலேட்டர் மாதம் இனிதே கழிந்து, உள்பக்கப் படமும் சுத்தமாக இருந்தால் தயங்காமல் வாங்குங்கள்.

வந்திறங்கிய அன்று சுவிட்சைப் போடாதீர்கள். படக்குழாய் இல்லாத கணினியானால் மூடியைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுங்கள். பேட்டரி இருந்தால் அகற்றிவிடுங்கள். தூசியை மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். அடாப்டரைக் கணினியில் செருகாமல் தனியாக அளந்துபாருங்கள். எண் சரியாக இருந்தால் மறுநாள் பகல் வெளிச்சத்தில், பக்கத்திலேயே நின்றுகொண்டு, ஒரு கை சுவிட்சின் மேல் இருக்க, முதன்முறை இயக்குங்கள்.